பச்சைக் கரை

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் துணி எடுக்கப் போகிறவர்கள் இரண்டு வகை. அழகியநம்பிப் பிள்ளை கடைக்குப் போகவேண்டும் என்று நினைத்துப் போகிறவர்கள் ஒரு வகை. அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்து, கடைசியில் அங்கேயே பொட்டலத்தோடு படி இறங்குகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகைக்கு முழுப் பொறுப்பும் ஆறுமுகநயினாருடையது.

நயினார் முதலாளி இல்லை, சம்பளத்துக்கு இருக்கிறவர். தகப்பனார் காலத்தில் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்த குடும்பம். கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில் வாடகை வீடு. காலையில் கடையைத் திறந்து, தரையில் கிடக்கும் மெத்தையின் வெள்ளை விரிப்பை உதறிப் போட்டுச் சம்மணம் கூட்டி உட்கார்ந்தாரானால், விளக்கு வைக்கிற வரை முதுகு சுவரில் சாயாது. வருகிற ஆளின் கண் அலமாரியில் எந்தத் தட்டில் முதலில் போய் நிற்கிறது என்று பார்ப்பார். விரலில் மசி இருக்கிறதா சேறு இருக்கிறதா என்று பார்ப்பார். கூட்டமாக வந்தால் யார் யாருடைய முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று பார்ப்பார். என்ன வேண்டும் என்று மட்டும் கேட்க மாட்டார். கேட்டால் ஆள் ஒரு பதிலைச் சொல்லிவிடுவான், அப்புறம் அந்தப் பதிலை விட்டு அவனை நகர்த்துவது பெரும்பாடு என்பது அவர் கட்சி.

முதலில் மட்டமான துணியைத்தான் எடுப்பார். அதைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தபிறகு அடுத்தது. துணியை விரிப்பில் போட மாட்டார், வந்தவர் மடியில் போடுவார். மடியில் விழுந்ததைத் திருப்பிக் கொடுக்க நம் ஆட்களுக்குக் கூச்சம். இதெல்லாம் சாலையில் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான். அவருக்கென்று தனியாக ஒரு வித்தை உண்டு. எந்தத் துணியையும் தனியாக விற்க மாட்டார், அதோடு ஒரு ஆளைச் சேர்த்துவிடுவார். "இதே தினுசு நேத்து ஒரு வக்கீலம்மா எடுத்தா. கொண்டு போயி மாமியாரும் மருமவளும் யாருக்குன்னு சண்டை, இன்னைக்கு இன்னொண்ணுக்கு ஆளு வந்தாச்சு" என்பார். வக்கீலம்மாவும் கிடையாது, சண்டையும் கிடையாது. ஆனால் கேட்கிறவர்களுக்கு அந்த மாமியாரும் மருமகளும் கண் முன்னால் வந்து நின்று விடுவார்கள்.

ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள், மழைக்கு ஒதுங்கி வந்து படியில் நின்றாள் சுசீலாபாய் என்ற பள்ளிக்கூடத்து டீச்சர். நயினார் மலையாளத்துக்கு மாறினார்.

"கேறி இரிக்கணும் டீச்சரே."

"ஒன்னும் வேண்டா பிள்ளே. மழ நின்னால் ஞான் போகும்."

"ஆயிக்கோட்டே. மழைக்கு விலையில்லல்லோ, இரிக்கணும்."

டீச்சர் சிரித்துவிட்டாள். சிரித்தவள் உட்கார்ந்தாள். மழை விட்டபோது அவள் கையில் கசவுச் சரிகைக் கரை போட்ட நேரியது மேல்துணி ஒன்று இருந்தது. அழகியநம்பிப் பிள்ளை கல்லாவில் இருந்தபடி, "இந்த ஆளு மழையையும் வித்துப்போடுவாரு" என்றார். அவர் பாராட்டுவது அப்படித்தான்.

தம்பானூருக்கு ரயில் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சீமைத் துணியும் பம்பாய்த் துணியும் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். ஆனாலும் இந்த ஊரில் துணி என்றால் வெள்ளைதான். மலையாளத்து வீடுகளில் ஓணத்துக்கும் வெள்ளை, கல்யாணத்துக்கும் வெள்ளை, கோயிலுக்கும் வெள்ளை. கரையில் கொஞ்சம் கசவோ நிறமோ இருந்தால் போதும். நம் தமிழ்க் குடும்பங்களுக்கோ பெண்பிள்ளை உடுத்துகிற வெள்ளை ஒரே ஒரு காரியத்துக்குத்தான். ஒரே தட்டிலிருந்து இரண்டு பேருக்கும் எடுத்துக் கொடுத்துப் பழகிய கை நயினாருடையது. அவர் அதைப் பற்றி யோசித்ததே இல்லை, யோசிக்கவேண்டிய காலம் வந்து சேர்கிற வரைக்கும்.

அவருக்கு ஒரே மகள், பொன்னம்மை. ஆரியசாலையில் முத்தாரம்மாள் வீட்டில் கொடுத்திருந்தார். முத்தாரம்மாள் கணவனை இழந்து, ஒற்றை மகன் திரவியத்தை வளர்த்துக் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக ஆக்கியவள். கல்யாணம் முடிந்து இரண்டாவது தீபாவளி வரவில்லை. புரட்டாசித் தொடக்கத்தில் திரவியத்துக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்தார்கள். அது விஷக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவனுக்கு ஆள் தெரியவில்லை. மாதக் கடைசியில் போய்ச் சேர்ந்தான். பொன்னம்மைக்கு அப்போது பத்தொன்பது வயது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடி போடவேண்டும். பிறந்த வீட்டார் கொண்டுபோய்க் கொடுக்கிற அந்தச் சேலையை உடுத்தபிறகுதான் ஒரு பெண் விதவை என்று ஆகிறாள். வெள்ளைக் கோடியைப் புருஷன் வீட்டில் வாங்கி உடுத்திவிட்டால் அந்த வீட்டிலேயே இருந்து கழிக்க வேண்டியதுதான், பிறந்த வீட்டுக்குத் திரும்புகிற வழக்கம் அவர்களுக்குள் இல்லை.

காரியத்துக்குச் சில நாள் இருக்கும்போது, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த நயினாருக்கு அவர் மனைவி பகவதியம்மாள் கஞ்சியும் காணத்துவையலும் எடுத்து வைத்தாள். வெளியே ஐப்பசித் துலா மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது.

"முத்தாரம்மா மயினி ஆளுட்டுச் சொல்லியனுப்பியிருக்கா" என்றாள். "கோடி வெள்ளையாத்தான் இருக்கணுமாம். கரை ஒரு நூலு கூட இருக்கப்பிடாதாம்."

"உம்."

"உம்முன்னா என்ன அர்த்தம்? எம் பிள்ளைக்குப் பாவாடை தச்சுப் போட்ட கையி இது. இந்தக் கையால வெள்ளையத் தூக்கிக் குடுக்கச் சொல்லுதியளா?"

"இப்பம் யாரு உன்னக் குடுக்கச் சொன்னா?"

"பொறவு என்ன செய்யப் போறிய? கோடி போடாம விட்டா ஊரு காறித் துப்பும். போட்டாச்சுன்னா அவ அந்த வீட்டுப் பின்கட்டுல கெடக்கணும். அவளுக்கு என்ன வயசுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? ஒரு பிள்ளை கூட இல்ல, அதைப் பாத்துட்டு இருக்கதுக்கு."

"நான் பேசிக்கிடுதேன் பிள்ளே."

"நீங்க பேசுததுக்கு இது கடையா?"

"எல்லாம் கடைதான்" என்றார் நயினார். பாதிக் கஞ்சியிலே கையைக் கழுவிக்கொண்டு குடையை எடுத்தார். பகவதியம்மாள் துவையலை மூடி வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள்.

கடையில் அவர் துணி தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்லவேண்டும். இத்தனை வருஷமாக அடுத்தவர்களுக்கு எடுத்துப் போட்டவர், தன் மகளுக்கு எடுக்க அலமாரி முன்னால் நின்றபோது கை எழவில்லை. மூன்று துணி எடுத்தார். ஒன்று, முரட்டு வெள்ளை. இரண்டாவது, கொஞ்சம் மெல்லிசான வெள்ளை. மூன்றாவது, பாலராமபுரத்துத் தறியில் நெய்து அந்த வாரம்தான் வந்து இறங்கியிருந்த வெள்ளைச் சேலை, ஒரு விரல் அகலத்துக்குப் பச்சைக் கரை. பொன்னம்மைக்குச் சின்ன வயதிலிருந்தே பச்சை பிடிக்கும் என்பது அவருக்கு எப்படியோ ஞாபகம் இருந்தது.

அழகியநம்பிப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் கணக்குல எழுதல, கொண்டு போரும்" என்றார்.

காரியத்தன்று ஆரியசாலை வீட்டில் பெண்கள் கூடம் நிறைய இருந்தார்கள். முத்தாரம்மாள் தூணில் சாயாமல், வெறுந்தரையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அழுகிற ஆளாகத் தெரியவில்லை. பொன்னம்மை உள்ளறையில் இருந்தாள். அவளுடைய ஒரு கை மட்டும் கதவு நிலையைப் பிடித்தபடி தெரிந்தது. கோடியைத் தாம்பாளத்தில் வைத்துப் பெண்கள்தான் கொண்டுபோவார்கள். நயினார் பகவதியம்மாளின் கையிலிருந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு நடுக்கூடத்தில் போய் உட்கார்ந்தபோது, பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆம்பிளை என்னத்துக்கு இதுக்கு வாறாரு?" என்று யாரோ கேட்டார்கள்.

சம்பந்தி முறையில் முத்தாரம்மாள் அவருக்கு அக்காள் ஆகவேண்டும். நயினார் அவளைப் பார்த்து மட்டும் பேசினார்.

"அக்கா, நீங்க சொல்லிவிட்ட மாதிரியே கொண்டாந்திருக்கேன். இந்தா பாருங்க, வெள்ளை. கரை கெடையாது." முரட்டு வெள்ளையை அவள் மடியில் போட்டார். "தொட்டுப் பாருங்க. இதைத்தான் அவ இனிமே காலம்பூரா உடுத்தணும். உங்க கையாலதான் குடுக்கப் போறிய. கையி சொல்லட்டும்."

முத்தாரம்மாள் தொட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அறுத்தவளுக்குப் பட்டா உடுத்துவாவ?" என்றாள் ஓரத்திலிருந்த ஒருத்தி.

"பட்டு கொண்டாரல பெரியம்மா" என்றார் நயினார் திரும்பாமலே. "அக்கா, இது இன்னொண்ணு. கொஞ்சம் மெல்லிசு. இதுவும் வெள்ளைதான்." அதையும் மடியில் வைத்தார். பிறகு மூன்றாவதைப் பிரித்து அவள் மடியில் போட்டார்.

"இது என்ன தம்பி, கரை?" என்றாள் முத்தாரம்மாள். அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"பச்சை. ஒரு விரல்."

"கரை கூடாதுன்னு சொல்லிவிட்டேன்லா."

"சொன்னிய. ஆனா நீங்களே பாருங்கக்கா, இந்த ஊர்ல யாரு வெள்ளை உடுத்தல? ரோட்டுல போற டீச்சர்மாரு, கோயிலுக்குப் போற அம்மமாரு எல்லாம் இதைத்தான் உடுத்துதாவ. கண்டவங்க இவள அறுத்தவன்னும் சொல்ல மாட்டாவ, வேற ஒண்ணும் சொல்ல மாட்டாவ. வெள்ளைக்கு வெள்ளையும் ஆச்சு."

"அவிய வழக்கம் அவியளுக்கு. நம்ம வழக்கம் நமக்கு. நீ கரையில்லாததக் குடு."

அவள் பச்சைக் கரையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். நயினாரின் அனுபவத்தில் மடியில் விழுந்த துணியை அப்படி எடுத்து வைத்தவர்கள் மிகக் குறைவு. கதவு நிலையைப் பிடித்திருந்த கை உள்ளே போய்விட்டது. அவர் அதைப் பார்த்தார். அதுவரை பேசியதெல்லாம் வீட்டிலிருந்து வருகிற வழியில் யோசித்து வைத்த பேச்சு. அதற்குப் பிறகு வந்தது வாய்ப் பழக்கம்.

"நான் எடுத்துட்டு வந்தது இல்லக்கா இது" என்றார். "மாப்பிள்ளை எடுத்து வச்சது."

ஓரத்திலிருந்த பெண்களும் முன்னால் நகர்ந்து வந்தார்கள்.

"ஓணத்துக்கு முன்ன ஒருநாளு, கச்சேரி விட்டு வாற வழியில கடைக்கு வந்தாவ. மாமா, பொன்னம்மைக்குத் தீவாளிக்கு ஒண்ணு பாக்கணும், அவகிட்ட சொல்லாண்டாம்னாவ. எல்லாத்தையும் எடுத்துப் போட்டேன். இதுலதான் கை வச்சாவ. எடுத்து வைங்க, தீவாளிக்கு வந்து வாங்கிக்கிடுதேன்னு சொல்லிட்டுப் போனாவ. எடுத்து வச்சிருந்தேன்."

முத்தாரம்மாள் வெகுநேரம் அவரையே பார்த்தாள். பிறகு தரையில் கிடந்த சேலையைத் திரும்ப மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

"எங்க கை வச்சான்?"

நயினாருக்குப் புரியவில்லை.

"எந்த எடத்துல தம்பி?"

அவர் கரையோரமாக ஒரு இடத்தைக் காட்டினார். அவள் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே இருந்தாள். பிறகுதான் அழுதாள். மகன் செத்த அன்று கூட அப்படி அழவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

"அவளக் கூப்பிடுங்க. இத உடுத்தச் சொல்லுங்க" என்றாள்.

"மயினி, ஊரு என்ன சொல்லும்" என்று ஒருத்தி ஆரம்பித்தாள்.

"எம் மவன் எடுத்து வச்சதுக்கு மேல எவளும் பேசாண்டாம்" என்றாள் முத்தாரம்மாள். பொன்னம்மையைக் கொஞ்ச காலம் கிள்ளிப்பாலத்துக்கு அழைத்துப் போகிறோம் என்று பகவதியம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னபோதும், "கூட்டிட்டுப் போங்க" என்றுதான் சொன்னாள். பேரம் பேசாமல் வாங்குகிற ஆளைப் பார்த்தால் நயினாருக்கு எப்போதும் ஒரு சந்தேகம் வரும், வேறெதற்கோ வந்தவர்கள் என்று. அன்றைக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. ஜெயித்த மனுஷனுக்கு அதெல்லாம் தோன்றாது.

பொன்னம்மை வீட்டுக்கு வந்தபிறகு அதிகம் பேசவில்லை. விடிந்ததும் முற்றம் தெளித்தாள், அம்மாவுக்கு மாவாட்டிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு மலையாளத்துப் பெண்களோடு கிணற்றடியில் நின்றால் அவளையும் அவர்களையும் பிரித்துச் சொல்ல முடியாது. பகவதியம்மாள் அதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்து நிறைவாக நின்றாள்.

ஒரு சாயங்காலம் அப்பாவுக்குச் சுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தவள், போகாமல் நின்றாள்.

"அவிய எப்பம்ப்பா உங்க கடைக்கு வந்தாவ?"

நயினார் காப்பியை ஊதினார்.

"துணிக்கடைன்னாலே அவியளுக்கு ஆகாது. அந்தப் புது வேட்டி வாசத்துக்குத் தும்மலு வரும்பாவ. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா சரி. வாய மூடிக்கிட்டு இரு."

"அத்தை அந்த எடத்துல கைய வச்சுக்கிட்டு இருந்தாவல்லா, உள்ள நின்னு பாத்தேன். உடுத்தும்போதெல்லாம் அந்த எடம் என் மேல எங்க வருதுன்னு பாக்கேன்ப்பா. பாக்காம இருக்க முடியல."

"அப்பம் என்ன செய்யச் சொல்லுத? போயிச் சொல்லட்டுமா, பொய்யின்னு? சொன்னா நாளைக்கே ஆளு கூடி இதை உருவிட்டு வெள்ளையப் போடுவாவ. ஆரியசாலைப் பின்கட்டுல போயிக் கெடக்கியா?"

பொன்னம்மை தலைப்பின் கரையை விரலில் சுற்றினாள்.

"மாட்டேன்ப்பா" என்றாள். "எனக்கும் வெள்ளை வேண்டாம். அதுதான் எனக்குச் சங்கடமா இருக்கு."

அவள் உள்ளே போய்விட்டாள். நயினார் காப்பியைக் குடிக்க மறந்தார். தன் பொய்க்குப் பாதி பாரம் மகள் சுமக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கார்த்திகை பிறந்து மழை கொஞ்சம் ஓய்ந்தது. ஒரு மத்தியானம் முத்தாரம்மாள் தனியாகக் கடைக்கு வந்தாள். கையில் குடை, காலில் செம்மண். விரிப்பை ஒட்டிக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். நயினார் வழக்கமில்லாத வழக்கமாக, "என்னக்கா வேணும்?" என்று கேட்டுவிட்டார்.

"ஒண்ணும் வேண்டாம் தம்பி. இந்தப் பக்கமா வந்தேன்." அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். "அன்னைக்கு வந்தான்னியே, எங்க இருந்தான்?"

"இந்தா, இப்பம் நீங்க இருக்கிய பாருங்க, அந்த எடத்துலதான்."

அவள் பெஞ்சைத் தடவினாள். சற்று நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுபடியும் வந்தாள். அதற்குப் பிறகும் வந்தாள். கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வருவாள், ஒரு கேள்வி கொண்டுவருவாள். வெயிலில் வந்தானா? தனியாக வந்தானா? முகம் வாடியிருந்ததா? ஒரு கேள்விக்குச் சொன்ன பதில் அடுத்த கேள்விக்கு இடித்துவிடக் கூடாதே என்று நயினார் வீட்டில் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தார். ஒரு கேள்வியில் அவள் கண் சுருங்கினால் போதும், பொன்னம்மையின் தலையில் வெள்ளை விழும். தூரத்தில் அவளுடைய குடையைக் கண்டாலே அவருக்கு வேர்க்கும். சாலையே அசந்து பார்த்த வாய், அவள் முன்னால் வார்த்தை வார்த்தையாக நடுங்கி வந்தது.

"குடிக்க ஏதாவது குடுத்தியா தம்பி அவனுக்கு?"

"சம்பாரம் வாங்கிக் குடுத்தேன். உப்பும் இஞ்சியும் போட்டு, நல்ல மோரு."

"உப்பு போட்டா குடிக்க மாட்டானே."

நயினார் சட்டென்று பிடித்துக்கொண்டார். "அதான்க்கா, உப்பு வேண்டாம்னாவ. வேற வாங்கிக் குடுத்தேன்."

"ஆமா" என்றாள் முத்தாரம்மாள். அவள் முகம் தெளிந்தது. "சின்னதுலருந்தே அப்படித்தான். வெறும் மோரா இருந்தா ஒரே மூச்சுல குடிச்சிட்டு மீசையத் தொடைச்சுக்கிடுவான், மீசை முளைக்கதுக்கு முன்னாலயே."

அவள் சிரித்தாள். நயினாரும் சிரித்தார். ஏறத்தாழ இரண்டு வருஷம் மாப்பிள்ளையாக இருந்தவனைப் பற்றி அவருக்குக் கச்சேரியில் வேலை, நல்ல பையன் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இப்போது அவள் வந்து போகப் போக, மீசையைத் துடைக்கிற ஒரு ஆள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவர் கண்ணுக்கே தெரிய ஆரம்பித்தது. வேறு யாராவது வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தால் அவருக்கு ஒரு மாதிரி இருந்தது.

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் முத்தாரம்மாள் வந்திருந்தபோது அழகியநம்பிப் பிள்ளை சாப்பாட்டுக்குப் போகாமல் கல்லாவில் இருந்தார். விரிப்பின் ஓரத்தில் பாலராமபுரத்துச் சேலைகள் அடுக்கிக் கிடந்தன. பேசிக்கொண்டே அவள் கை, மேலே கிடந்த பச்சைக் கரையைத் தடவிக்கொண்டிருந்தது. வந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்றால் மரியாதை இல்லையே என்று முதலாளி நினைத்துக்கொண்டார். ஆரியசாலைக் கூடத்தில் நயினார் சொன்ன பொய் அவருக்குத் தெரியாது.

"கொள்ளாம், நல்லாருக்கு இல்லியாம்மா?" என்றார். "நம்ம கடைக்குன்னே சொல்லி நெய்ய வச்சது. ஐப்பசி பொறந்த பொறவுதான் முதக் கட்டே வந்து எறங்கிச்சு. அதுக்கு முன்ன இந்தக் கரை சாலையில எவன் கடையிலயும் கெடையாது."

முத்தாரம்மாளின் கை நின்றது.

"அப்படியா" என்றாள்.

"பின்னே?" என்றார் அழகியநம்பிப் பிள்ளை பெருமையாக. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு சாப்பிடப் போனார்.

புரட்டாசியில் செத்தவன் ஐப்பசியில் வந்து இறங்கிய துணியில் ஓணத்துக்கு முன்னால் கை வைத்திருக்க முடியாது. இதற்கு ஆள் சேர்த்துச் சொல்ல நயினாரிடம் எதுவும் இல்லை. தெருவில் ஒரு காளைவண்டி போயிற்று. ஆரியசாலையில் பெண்கள் கூடுவதும், தாம்பாளம் வருவதும், பொன்னம்மை கிணற்றடியிலிருந்து உள்ளே வருவதும் அவருக்கு வரிசையாகத் தெரிந்தன.

"அக்கா" என்றார்.

"ஒண்ணும் சொல்லாண்டாம் தம்பி."

"தப்புதான்க்கா. என் பிள்ளைக்காகச் சொல்லிட்டேன். என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க, அவள..."

"அவன் கடைப்படி ஏறுதவன் இல்ல" என்றாள் முத்தாரம்மாள். "கட்டுத வேட்டி கூட நான் எடுத்துக் குடுத்ததுதான். பெத்தவளுக்குத் தெரியாதா? அன்னைக்கே தெரியும்."

நயினார் நிமிர்ந்து பார்த்தார்.

"பொறவு ஏன்க்கா அழுதிய? ஏன் இங்க வந்து வந்து கேட்டிய?"

அவள் பெஞ்சின் பலகையைத் தடவினாள்.

"அப்படி ஒருநாளு அவன் வந்திருந்தா நல்லாருந்திருக்கும்லா தம்பி. பெண்டாட்டிக்கு ஒளிச்சு வச்சுச் சேலை எடுக்க. எம் பிள்ளை அப்படியும் இருந்திருப்பான்னு நெனைச்சேன், அழுதேன். வீட்டுக்கு வாறவ எல்லாம் அவன் எப்படிச் செத்தான்னுதான் கேக்கா. எத்தனை நாளு காய்ச்சலு, கடைசியா என்ன சொன்னான்னு. சொல்லிச் சொல்லி எனக்கும் அவன் செத்துக் கெடந்த முகந்தான் ஞாபகம் வருது. நீ ஒருத்தன்தான் அவன் உசுரோட உக்காந்து மோரு குடிச்சதச் சொன்ன. அது பொய்யின்னா என்ன? எனக்கு அது வேணும்னு இருந்துச்சு."

நயினார் பக்கத்தில் கிடந்த முழக்கோலை எடுத்து ஓரமாக வைத்தார்.

"வெள்ளைய நான் பிடிச்சுக்கிட்டு நின்னது ஊருக்காக இல்ல. வெள்ளையப் போட்டாச்சுன்னா அவ எங்கூட இருந்துருவால்லா, அதுக்குத்தான். ராத்திரி ஒருத்தி எழுந்து தண்ணி குடிச்சா இன்னொருத்தி முழிச்சிருக்கான்னு தெரியும். அவ்வளவுதான் நான் கேட்டது. அதைக் கேக்கத் தெரியாம வெள்ளையக் கேட்டேன்."

இத்தனை வருஷம் எதிரே வந்து உட்கார்ந்தவர்களின் விரலையும் கண்ணையும் பார்த்தவருக்கு, அன்று அந்தக் கூடத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தவளின் முகத்தில் இதைப் பார்க்கத் தெரியவில்லை. பார்த்திருந்தால் பொய்யே தேவைப்பட்டிருக்காது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அழவேண்டும் போலவும் இருந்தது.

முத்தாரம்மாள் குடையைப் பெஞ்சில் சாய்த்து வைத்துவிட்டு, அடுக்கின் பக்கம் திரும்பினாள்.

"இதுல ஒண்ணு எடு தம்பி."

"யாருக்குக்கா?"

"பொன்னம்மைக்கு. ஒண்ணையே துவைச்சுத் துவைச்சு உடுத்திட்டிருப்பா. மாத்திக்கிட ஒண்ணு வேணும்லா? விலை என்னவோ அதைச் சொல்லு, சொந்தக்காரின்னு குறைக்காண்டாம். இது அவளுக்கு நான் எடுக்கது."

நயினார் அலமாரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஒவ்வொரு தட்டாக விரலை ஓட்டி எதையோ தேடுகிறவர்போல வெகுநேரம் நின்றார். பச்சைக் கரை அவர் முதுகுக்குப் பின்னால், விரிப்பின் மேல் கிடந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு சேலையை எடுத்துப் பிரித்தார். எங்கும் இழை விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மடித்துக் காகிதத்தில் சுற்றி, சணல் கட்டி, அவள் மடியில் வைக்காமல் கையில் கொடுத்தார்.

"நீயே கொண்டு போயிக் குடு" என்றாள் முத்தாரம்மாள். "யாரு எடுத்ததுன்னு கேட்டா, அத்தை எடுத்ததுன்னு சொல்லு. இதாவது நெசமா இருக்கட்டும்."

"நான் சொன்னா அவ நம்ப மாட்டாக்கா" என்றார் ஆறுமுகநயினார். "நீங்களே வந்து குடுங்க."